கையெழுத்து வைக்கும் நேரத்தில் கட்டடக்கலைஞர் யாருடைய ஆள்?

“காசு குடுக்கிறது நாங்கள். ஆளைப் பிடிச்சதும் நாங்கள். பிறகு எப்பிடித் தம்பி அவர் எங்களுக்கு எதிரா எழுதுவார்?”

கோண்டாவிலில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் கனடாவிலிருந்து இரவு பத்து மணிக்கு அழைத்து என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வேலைத்தளத்துக்குப் போய் அளவெடுப்பது, அளவுப் புத்தகம் எழுதுவது, ஒப்பந்தகாரர் தரும் பில்லை அந்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, இதுதான் என் வேலை. அந்த வாரம் நாலாவது கொடுப்பனவுச் சான்றிதழை, அதாவது முடிந்த வேலைக்கு வீட்டுக்காரர் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கட்டடக்கலைஞர் எழுதும் தாளை, அனுப்பியிருந்தோம். தான் ஆவணியில் ஊருக்கு வந்து கண்ணால் பார்க்கும்வரை காசை நிப்பாட்டி வைக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். கட்டடக்கலைஞரோ முடிந்த வேலைக்குரிய தொகையை எழுதி, கையெழுத்து வைத்து, இரண்டு பக்கத்துக்கும் பிரதி அனுப்பிவிட்டார்.

அவர் கோபப்பட்டதில் வியப்பில்லை. கட்டடக்கலைஞர் என்றால் வீட்டுக்காரர் கட்டணம் கொடுத்து வைத்திருக்கும் ஆள் என்றுதான் ஊரில் பெரும்பாலும் நினைக்கிறார்கள். ஒப்பந்தகாரர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால் அவர் பில்லில் வெட்டும் ஒவ்வொரு ரூபாயையும் வீட்டுக்காரரின் கை என்று பார்க்கிறார்கள். நான் அருகிலிருந்து பார்த்த வீட்டுச் சண்டைகளில் பல இந்த ஒரு தெளிவின்மையில்தான் தொடங்கின. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

ஒரு வீட்டு வேலையில் ஆட்கள் மூன்று பேர், ஒப்பந்தம் இரண்டு. முதலாவது, வீட்டுக்காரருக்கும் கட்டடக்கலைஞருக்கும் இடையில்: படம் வரைவது, விலை கேட்பது, வேலையைப் பார்ப்பது, அதற்கான கட்டணம். இரண்டாவது, வீட்டுக்காரருக்கும் ஒப்பந்தகாரருக்கும் இடையில்: இந்தப் படத்தின்படி, இந்தத் தொகைக்கு, இந்தத் தேதிக்குள் கட்டித் தருவது. கட்டடக்கலைஞருக்கும் ஒப்பந்தகாரருக்கும் இடையில் எந்த ஒப்பந்தமும் கிடையாது. அப்படியானால், “இந்தச் சுவரை உடைச்சுத் திருப்பிக் கட்டு” என்று ஒப்பந்தகாரரிடம் சொல்லும் அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வருகிறது?

அந்த இரண்டாவது ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. அதில் அவர் கையெழுத்திட்ட தரப்பு இல்லை. ஆனால் கையெழுத்திட்ட இரண்டு பேரும் சேர்ந்து, அளவையும் தரத்தையும் பார்த்துச் சொல்ல இவரை ஏற்கிறோம் என்று அவருடைய பெயரை அதில் எழுதியிருக்கிறார்கள். சான்றிதழ் எழுதும் அதிகாரத்தை வீட்டுக்காரர் தனியாக அவருக்குக் கொடுக்கவில்லை. ஒப்பந்தகாரரும் சேர்ந்தே கொடுத்திருக்கிறார். கனடாக்காரரின் கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது.

இலங்கையில் கட்டட ஒப்பந்தங்களுக்கான மாதிரி ஆவணங்களை முன்பு இக்டாட் என்று எல்லாரும் அறிந்த நிறுவனம் வெளியிட்டது. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அதன் இடத்தில் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபை இருக்கிறது. சீடா என்று சொல்கிறோம். அரசாங்க வேலைகள் பெரும்பாலும் இந்த ஆவணங்களில்தான் நடக்கின்றன. தனியார் வேலைகளுக்கும் இவற்றைச் சுருக்கிப் பயன்படுத்துகிறோம். இவற்றில் கட்டடக்கலைஞர் என்ற சொல்லுக்குப் பதிலாகப் ‘பொறியியலாளர்’ என்றுதான் பெரும்பாலும் இருக்கும். வீட்டு வேலையிலோ பாடசாலைக் கட்டடத்திலோ அந்த இடத்தில் கட்டடக்கலைஞரின் பெயரைப் போடலாம். பெயர் எதுவானாலும் பொறுப்பு ஒன்றுதான். யாருடைய பெயரையுமே போடாமல் விடுவதுதான் ஆபத்து. அப்போது அவர் எழுதும் கடிதத்துக்கு ஒப்பந்தகாரர் கட்டுப்பட வேண்டியதில்லை, “நீங்கள் ஆர் எனக்குச் சொல்ல?” என்று கேட்டால் பதிலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பல வீடுகளுக்குக் கட்டடக்கலைஞரின் வேலை மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ பிளான் பாஸ் ஆவதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வீட்டுக்காரரும் ஒப்பந்தகாரரும் ஒரு பக்கத் தாளில் எழுதிக்கொள்வார்கள், அல்லது எழுதாமலே தொடங்குவார்கள்.

பெயர் எழுதப்பட்ட இடத்தில், அவர் இரண்டு விதமாக வேலை செய்கிறார். படம் வரையும்போதும், எந்த ஒப்பந்தகாரரை எடுப்பது என்று ஆலோசனை சொல்லும்போதும், வீட்டுக்காரர் சார்பில் மாற்றங்களை அறிவிக்கும்போதும் அவர் வீட்டுக்காரரின் முகவர். அங்கே வீட்டுக்காரரின் நன்மைதான் அவருக்கு முதல். ஆனால் எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது, அதன் பெறுமதி என்ன, தாமதத்துக்கு யார் காரணம், வேலை முடிந்துவிட்டதா என்று தீர்மானிக்கும்போது அவர் தராசைப் பிடிக்கிற ஆள். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் அவருக்குக் கட்டளையிட முடியாது. தகவல் சொல்லலாம், குறை காட்டலாம், “அந்தச் சுவர் சரிவாக் கிடக்குது, ஒருக்காப் பாருங்கோ” என்று கேட்கலாம். “எழுதாதை” என்று சொல்ல முடியாது.

சொன்னால் என்ன நடக்கும்? இங்கிலாந்தில் அப்போது அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1913இல் தீர்த்த ஹிக்மன் எதிர் ரொபேர்ட்ஸ் வழக்கு இதற்குப் பழைய, தெளிவான உதாரணம். அந்த வேலையில் பணம் தர வேண்டுமானால் கட்டடக்கலைஞரின் சான்றிதழ் வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. கட்டடக்கலைஞரோ உரிமையாளரின் சொல்லைக் கேட்டுச் சான்றிதழைத் தாமதித்தார். தன் சொந்த அபிப்பிராயம் எதுவாக இருந்தாலும் உரிமையாளர் விடமாட்டார், போய் அவரைச் சந்தியுங்கள் என்ற கருத்தில் ஒப்பந்தகாரருக்குக் கடிதமே எழுதிவிட்டார். அவர் நடுநிலையை இழந்துவிட்டார், ஆகவே சான்றிதழ் இல்லாமலே ஒப்பந்தகாரர் பணத்துக்கு வழக்குப் போடலாம் என்று நீதிமன்றம் சொன்னது. சான்றிதழ் உரிமையாளருக்குப் பெரிய பாதுகாப்பு. அது இல்லாமல் யாரும் அவரிடம் பணம் கேட்க முடியாது. கட்டடக்கலைஞரின் கையைப் பிடித்ததால் அந்தப் பாதுகாப்பையே அவர் இழந்தார்.

மறுபக்கத்துக்கு 1974ஆம் ஆண்டின் சட்கிளிஃப் எதிர் தக்ரா வழக்கு. இங்கே கட்டடக்கலைஞர்கள் கவனமில்லாமல் கூடுதலாகச் சான்றிதழ் எழுதினார்கள். சரியாகச் செய்யாத வேலைக்கும் பணம் போனது. ஒப்பந்தகாரரை நிறுத்தி வேறு ஆளைப் பிடிக்க வேண்டி வந்தது. பழைய ஒப்பந்தகாரர் வங்குரோத்தாகிப்போனதால் கூடுதலாகக் கொடுத்த காசைத் திரும்ப வாங்க வழியில்லை. உரிமையாளர் கட்டடக்கலைஞர்கள்மீது வழக்குப் போட்டார். சான்றிதழ் எழுதும்போது நாங்கள் நடுவர் போல, எங்கள்மீது வழக்குப் போட முடியாது என்று அவர்கள் வாதிட்டார்கள். பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நியாயமாக நடக்க வேண்டும் என்பது உண்மை, அதனால் நீதிபதிக்கு இருக்கும் விலக்கு உங்களுக்குக் கிடைத்துவிடாது, கவனமின்மைக்கு உங்களை நியமித்த உரிமையாளருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றது.

லண்டன் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. நம்முடைய ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். ஆனால் கட்டட ஒப்பந்தங்களின் வாசகங்கள் ஆங்கிலேய மாதிரிகளிலிருந்தும் ஃபிடிக் எனப்படும் சர்வதேச மாதிரியிலிருந்தும் வந்தவை, அதனால் விளக்கம் தேடும்போது அந்தப் பக்கம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஃபிடிக் முதலில் 1957இல் வந்தது. அதன் 1999ஆம் ஆண்டுப் பதிப்பு, பொறியியலாளர் உரிமையாளர் சார்பில் செயற்படுகிறவர் என்று சொல்லிவிட்டு, தீர்மானங்களை மட்டும் நியாயமாக எடுக்க வேண்டும் என்றது. 2017ஆம் ஆண்டுப் பதிப்பு இன்னும் ஒரு படி போய், தீர்மானம் எடுக்கும்போது அவர் இரண்டு தரப்புக்கும் நடுவில் நிற்க வேண்டும், அந்த நேரத்தில் உரிமையாளரின் ஆளாகக் கருதப்படமாட்டார் என்று வெளிப்படையாக எழுதியது. உலகம் முழுவதும் கோண்டாவில் கேள்விதான் கேட்கப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

சரி, அந்த நாலாவது சான்றிதழில் என்னதான் இருந்தது? கணக்கு எப்படி ஓடுகிறது என்று விளங்குவதற்காக முழு எண்களாக்கிச் சொல்கிறேன். ஒப்பந்தத் தொகை 1 கோடியே 20 இலட்சம் ரூபாய். தொடக்கத்தில் 12 இலட்சம் முற்பணமாகக் கொடுத்தாயிற்று. அதை ஒவ்வொரு பில்லிலும் வேலைப் பெறுமதியில் 10 வீதமாகக் கழித்துக்கொண்டு வருவோம். ஒப்பந்தகாரர் அதுவரை முடித்த வேலை என்று 47 இலட்சத்துக்குப் பில் போட்டிருந்தார். நானும் அவருடைய மேற்பார்வையாளரும் நாடா பிடித்து அளந்தோம். பின்பக்க விறாந்தையின் தரைக் கொங்கிறீற் பில்லில் இருந்தது, நிலத்தில் இல்லை. கிடங்கு வெட்டிய அளவில் ஒரு வரிசை இரண்டு முறை வந்திருந்தது. இரண்டையும் வெட்டினால் வேலைப் பெறுமதி 45 இலட்சம். அதில் முற்பணத்துக்காக 4 இலட்சத்து 50 ஆயிரம் கழிந்தது. பிடிபணம், அதாவது வேலை சரியாக முடிகிறதா என்று பார்ப்பதற்காகப் பிடித்து வைக்கும் பங்கு, 10 வீதம், இன்னொரு 4 இலட்சத்து 50 ஆயிரம். மிச்சம் 36 இலட்சம். முந்திய மூன்று சான்றிதழ்களிலும் போனது 22 இலட்சத்து 50 ஆயிரம். ஆகவே இப்போது கொடுக்க வேண்டியது 13 இலட்சத்து 50 ஆயிரம்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரே தாளில் ஒப்பந்தகாரருக்கு 2 இலட்சம் வெட்டும் விழுந்திருக்கிறது, வீட்டுக்காரருக்குப் 13 இலட்சத்து 50 ஆயிரம் கடனும் விழுந்திருக்கிறது. அந்தக் கிழமை முழுக்க இரண்டு பக்கத்திலிருந்தும் எங்களுக்குப் பேச்சுத்தான். ஒப்பந்தகாரர் சனிக்கிழமை மத்தியானம் அலுவலக வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றார். பன்னிரண்டு பேருக்குக் கூலி கொடுக்க வேண்டும். “அண்ணை, விறாந்தை திங்கட்கிழமை போட்டுடுவன், அதை எழுதினால் என்ன?” என்று கேட்டார். திங்கட்கிழமை போட்டால் அடுத்த பில்லில் வரும். அவருடைய அவசரம் உண்மையானது. சிறிய ஒப்பந்தகாரர்கள் சீமெந்தும் கம்பியும் கடனுக்கு எடுத்துத்தான் வேலை ஓட்டுகிறார்கள். முடித்த வேலைக்கு உரிய காசு ஆவணிவரை நின்றிருந்தால் அவருடைய ஆட்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள், அப்புறம் கோண்டாவில் வீடு அரைச் சுவரோடு மாரி மழையில் நனைந்திருக்கும். அந்த நட்டம் கனடாக்காரருக்குத்தான்.

அவர் பிறகு காசை அனுப்பினார். ஆவணியில் வந்தபோது அளவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். நான் ஒரு நுனியைப் பிடித்தேன், மற்ற நுனியை அவர் பிடித்தார். மூன்று அறைகளை அளந்த பிறகு, “சரி தம்பி, மிச்சம் வேண்டாம்” என்றார்.

நாட்டில் இல்லாத வீட்டுக்காரர் என்பது யாழ்ப்பாணத்தில் பொது நடைமுறையாகிவிட்டது. காசு ரொறன்ரோவிலோ லண்டனிலோ சூரிச்சிலோ இருக்கும், காணி இங்கே இருக்கும், இடையில் வயதான தாயோ ஒன்றுவிட்ட தம்பியோ நிற்பார். இந்த நிலையில் வாட்ஸப் படங்களை நம்பி வேலை நடக்கிறது. படத்தில் பூச்சு தெரியும், பூச்சுக்குள் இருப்பது தெரியாது. தூணின் வளையக் கம்பியை ஆறு அங்குல இடைவெளியில் கட்டச் சொன்னால் ஒன்பதில் கட்டியிருக்கலாம். கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் போதிய இடைவெளி விடாமல் கொங்கிறீற் போட்டிருக்கலாம். கடற்காற்று வரும் குருநகரிலோ வல்வெட்டித்துறையிலோ அப்படிச் செய்தால் சில வருஷங்களில் கம்பி துருப்பிடித்துக் கொங்கிறீற்றைப் பிளந்துகொண்டு வெளியே வரும். இதனால்தான் ஒப்பந்தங்களில், மூடப்படும் எந்த வேலையையும் மூடுவதற்கு முன் காட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறது. காட்டாமல் மூடினால் திறந்து காட்டச் சொல்லலாம். திறந்த பிறகு வேலை பிழை என்று தெரிந்தால் செலவு ஒப்பந்தகாரருடையது. அறிவித்தும் நாங்கள் பார்க்கப் போகாமல் விட்டு, திறந்தபோது வேலை சரியாக இருந்தால் செலவு வீட்டுக்காரருக்கு. கொங்கிறீற் போடும் நாளில் நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் பிடிவாதமாக இருப்பது இதற்காகத்தான்.

ஆனால் கட்டடக்கலைஞர் நாள் முழுக்க வேலைத்தளத்தில் நிற்கிறவர் இல்லை. குறிப்பிட்ட கட்டங்களில் வந்து பார்ப்பதற்குத்தான் அவருடைய கட்டணம். ஒவ்வொரு கல்லையும் யாராவது பார்க்க வேண்டும் என்றால் தனியாக ஒரு மேற்பார்வையாளரை வைக்க வேண்டும். கட்டடக்கலைஞர் பார்த்துப் போனார் என்பதால் ஒப்பந்தகாரரின் பொறுப்பும் குறைந்துவிடாது. பிழையாகக் கட்டினால் அது கட்டியவரின் பிழைதான், சான்றிதழ் எழுதப்பட்டிருந்தாலும்.

என் மாமியின் வீட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். போர் முடிந்து சில வருஷங்களில் இணுவிலில் அவர் வீடு கட்டத் தொடங்கினார். அப்போது நான் இந்த வேலைக்கு வரவில்லை. கட்டடக்கலைஞர் கிடையாது. படவரைஞர் ஒருவர் வரைந்த பிளான், ஒரு பக்க உடன்படிக்கை. கொடுப்பனவு ஊர் வழக்கப்படி: அத்திவாரத்துக்கு 25 வீதம், கதவு யன்னலுக்கு மேலே வரும் லிந்தல் மட்டத்தில் 25 வீதம், கூரை ஏறியதும் 30 வீதம், கடைசியில் 20 வீதம். கேட்க நியாயமாக இருக்கும். கூரை ஏறியபோது ஒப்பந்தகாரரின் கையில் 80 வீதம் போயிருந்தது. மிச்சம் கிடந்தவை பூச்சு, தரை, கதவு யன்னல், குளியலறைப் பொருட்கள், வயரிங், பெயின்ற். வீட்டுச் செலவில் பெரிய பங்கு இங்கேதான் போகிறது. 20 வீதத்துக்கு அந்த வேலையை முடிக்க அவருக்கு லாபமில்லை. வேறு ஊரில் புதிய வேலை ஒன்றின் முற்பணம் அவருக்குக் கிடைத்தது, போய்விட்டார். மாமி இரண்டு வருஷம் பூசாத சுவருக்குள் இருந்தார்.

அந்தக் காலத்தில் இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காசு ஒரே தடவையில் வரவில்லை. இன்ன கட்டம் முடிந்தது என்று ஆள் வந்து பார்த்து உறுதிசெய்த பிறகுதான் அடுத்த தவணை வந்தது. பயனாளிகளே வீட்டைக் கட்டினாலும், பார்த்து உறுதிசெய்ய மூன்றாவது கண் ஒன்று இருந்தது. மாமியைப் போல் சொந்தக் காசில் கட்டியவர்களுக்கு அது இருக்கவில்லை. கட்டம் கட்டமாகக் கொடுப்பதில் குற்றம் இல்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்ட வீதத்தை உண்மையான செலவோடு ஒருவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, அதுதான் அவரை வீழ்த்தியது. ஒப்பந்தம் எழுதும்போதே அந்த அட்டவணையைப் பார்த்து “இது முன்பாரம், வேலையை முந்திக் காசு போகுது” என்று சொல்வது கட்டடக்கலைஞரின் வேலைகளில் ஒன்று.

அடுத்தது, மேலதிக வேலை. எக்ஸ்ட்ரா என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். வேலைத்தளத்துக்குத் தேநீர் கொண்டுவரும் அம்மா மேசனிடம் யன்னலை ஒரு முழம் தள்ளச் சொல்வார். சுவாமி அறையின் கதவு கிழக்கே பார்க்க வேண்டும் என்று சாத்திரியார் பிந்திச் சொல்லியிருப்பார். மேசனும் மரியாதைக்குச் செய்துவிடுவார். கடைசிப் பில்லில் அது ஒரு வரியாக வரும்போது, “நாங்கள் எப்ப சொன்னனாங்கள்?” என்று கேள்வி எழும். ஒழுங்கான ஒப்பந்தத்தில், மாற்றம் எதுவானாலும் கட்டடக்கலைஞரின் எழுத்து மூலமான அறிவுறுத்தலாக வர வேண்டும். விலை பட்டியலில் இருக்கும் வீதத்தின்படி, அதில் இல்லையென்றால் அதை ஒட்டி நியாயமாக நிர்ணயிக்கப்படும். வாயால் சொன்னால் ஒப்பந்தகாரர் உடனே கடிதத்தில் உறுதிப்படுத்திக் கேட்கலாம். வீட்டுக்காரர் நேரடியாக மேசனிடம் சொன்னால் அது ஒப்பந்தத்துக்கு வெளியே நடக்கும் தனிப் பேச்சாகிவிடும்.

மாற்றங்களில் நான் மிகவும் பயப்படுவது மலசலகூடக் குழியை இடம் மாற்றுவதற்கு. வலிகாமத்தில் மெல்லிய மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல், அதன் வெடிப்புகளுக்குள் எங்கள் குடிநீர். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் சபை அங்கீகரித்த தூரத்தை, வாகனம் விட இடம் வேண்டும் என்பதற்காகக் குறைப்பார்கள். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் பொருந்தும் பகுதிகளில், அங்கீகரித்த படத்தின்படி கட்டியிருந்தால்தான் குடியிருப்பதற்கான சி.ஓ.சி. சான்றிதழ் கிடைக்கும். வீட்டுக்காரரும் ஒப்பந்தகாரரும் ஒருமனதாகச் சம்மதித்தாலும் கட்டடக்கலைஞர் இதற்குக் கையெழுத்து வைக்க முடியாது. பக்கத்து வளவுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இந்த ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை, ஆனாலும் அவர்களை நினைக்காமல் அந்தத் தாளில் கையெழுத்து வைக்கக்கூடாது.

அவரால் முடியாத இன்னொன்று, ஒப்பந்தத்தையே மாற்றுவது. 2022இல் இதை நாங்கள் கசப்பாகப் படித்தோம். 2021இல் 50 கிலோ சீமெந்துப் பை ஆயிரம் ரூபாய் அளவில் இருந்தது. 2022இல் மூவாயிரத்தைத் தாண்டியது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்குப் போனது. நிலையான விலைக்கு ஒப்புக்கொண்ட ஒப்பந்தகாரர்கள் கண்ணீரோடு வந்தார்கள். விலை ஏற்ற இறக்கத்துக்கு இடம் கொடுக்கும் வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால், சீடா மாதாமாதம் வெளியிடும் விலைச் சுட்டெண்களை வைத்துச் சூத்திரத்தின்படி கணக்குப் போட்டுச் சான்றிதழில் சேர்க்கலாம். அந்த வாசகம் இல்லையென்றால் கட்டடக்கலைஞர் இரக்கப்பட்டு ஒரு சதமும் கூட்ட முடியாது. கூட்டினால் அது அவர் தன்னுடையதல்லாத பணத்தைக் கொடுப்பது. நாங்கள் செய்ய முடிந்தது, இரண்டு பேரையும் ஒரு மேசையில் உட்கார்த்தி, பழைய விலைக்கும் புதிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணில் காட்டி, ஒரு துணை உடன்படிக்கை எழுத வைத்தது மட்டும்தான். சில வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்டார்கள். சில வேலைகள் நின்றன.

தாமதத்திலும் இதே தராசுதான். ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தது என்று கால நீடிப்புக் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் அந்த மாதங்களில் மழை பெய்யும் என்பது ஒப்பந்தகாரருக்குத் தெரிந்ததுதான், அதை வைத்தே திகதி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் 2024 கார்த்திகைக் கடைசியில் ஃபெங்கல் புயல் வந்து வீதியெல்லாம் வெள்ளமானது போன்ற நாட்களை வழக்கமான மாரி என்று தள்ள முடியாது. வீட்டுக்காரர் தரை ஓட்டின் நிறத்தை முடிவுசெய்ய ஆறு கிழமை எடுத்தால் அந்த ஆறு கிழமையும் வீட்டுக்காரருடைய கணக்கு. நீடிப்பு கொடுக்காவிட்டால் ஒப்பந்தகாரர் நாளுக்கு இவ்வளவு என்று தாமதக் கழிவு கட்ட வேண்டியிருக்கும், ஆகவே இது வெறும் திகதி விஷயம் இல்லை.

வேலை முடிந்தது என்று எழுதும் சான்றிதழில் எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. குடிபூரல். நல்ல நாள் பார்த்தாயிற்று, வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு விமானச் சீட்டு எடுத்தாயிற்று. கைபிடிச் சுவர் முடியவில்லை, பின்கதவு பூட்டவில்லை. பால் காய்ச்சி உள்ளே போய்விடுவார்கள். இரண்டு நாள் சடங்கு என்றால் முன்கூட்டி எழுதிக்கொண்டு செய்யலாம். போய்க் குடியேறிவிட்டால், பல ஒப்பந்தங்களின்படி அந்தப் பகுதியைப் பொறுப்பேற்றதாகவே கொள்ளப்படும். தாமதக் கழிவு அதோடு நிற்கும், வீட்டைப் பாதுகாக்கும் பொறுப்பு கைமாறும், பிடிபணத்தில் பாதியை விடுவிக்கும் கேள்வி எழும். மற்றப் பாதி குறைதிருத்தக் காலம் முடிந்து, அநேகமாக ஒரு வருஷம் கழித்து, கூரை ஒழுக்கும் சுவர் வெடிப்பும் திருத்தப்பட்ட பிறகு போகும். ஒரு மாரி கடந்த பிறகுதான் கூரையைப் பற்றிச் சொல்ல முடியும் என்பதால் அந்த ஒரு வருஷத்தை யாரும் குறைக்க விடக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

கட்டடக்கலைஞரின் தீர்மானம் பிடிக்கவில்லையென்றால்? அது கடைசி வார்த்தை இல்லை. மாதிரி ஒப்பந்தங்களில் அதற்கு மேலே தீர்ப்பாளர் ஒருவரிடம் போகும் வழி இருக்கிறது. பிறகு 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின்படி நடுத்தீர்ப்பு. அப்படி எதுவும் எழுதாவிட்டால் மாவட்ட நீதிமன்றம். எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது, அன்றைக்கு யார் அளந்தது, எங்கே எழுதியிருக்கிறது என்பதுதான்.

கால எல்லையும் உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்து மூலமான ஒப்பந்தத்தில் வழக்குப் போட ஆறு வருஷம், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று வருஷம். மாமியிடம் அந்த ஒரு பக்கத் தாள் இருந்தது, ஆறு வருஷமும் இருந்தது. ஒரு சட்டத்தரணியிடமும் போனார். ஒப்பந்தகாரர் விட்டுப் போன நாளில் எவ்வளவு வேலை முடிந்திருந்தது என்று காட்ட ஏதாவது இருக்கிறதா என்று அவர் கேட்டார். மாமியிடம் காசு கொடுத்த பற்றுச்சீட்டுகள் இருந்தன. அதற்குள் மேசன் ஒருவரைப் பிடித்து முன்னறை பூசியாயிற்று. எது பழைய வேலை, எது புதிய வேலை என்று பிரித்துச் சொல்ல, அளவெடுத்து வைத்திருந்தவர் ஒருவரும் இருக்கவில்லை.